ஜெசிந்தாவின் யன்னலுக்குக் கீழே பான்ஜோ

மற்றவர்களுடைய குரலைப் பெரிதாக்குவதுதான் ரொறன்ரோவில் நான் செய்த தொழில். கலியாணம், அரங்கேற்றம், கோயில் தேர், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எங்கே ஒருவர் பேசவோ பாடவோ எழுந்து நின்றாலும் அவருக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்பேன். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் எங்கள் நிறுவனத்தின் இளையவர்கள் ஸ்காபரோவில் ஒரு மதியச் சாப்பாடு தந்து வழியனுப்பினார்கள். அந்த மேசையில் கஜன் கேட்டான்.

"அங்கிள், ரிட்டயர் பண்ணியாச்சு. பிறகும் அந்த பான்ஜோ ஃபெஸ்டிவலுக்கு மட்டும் போவன் எண்டுறியள். சீரியஸ்லி, வை?"

வாயில் புரியாணி இருந்தது. "அங்கை சனம் நல்லம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு காலத்தில் பத்திரிகையில் வேலை செய்தவன் அப்படிப் பதில் சொல்லக் கூடாது. எந்தச் சனம், என்ன நல்லம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில் இது.

முதலில் அந்த இசையைப் பற்றி. புளூகிராஸ் என்பது அமெரிக்க மலைப்பகுதிகளிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாட்டு. பான்ஜோ, மண்டலின், வயலின், கிற்றார், ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸ் என்று ஐந்து நரம்புக் கருவிகள் போதும். மத்தளம் கிடையாது, மின்சாரக் கருவியும் கிடையாது. பாட்டுகளில் பாதி சாவையும் வெள்ளத்தையும் ரயில் விபத்தையும் பற்றியவை. ஆனால் வாசிக்கும் வேகத்தில் அதை யாரும் கவலையாக எடுத்துக்கொள்வதில்லை.

டோர்செட் பார்க் பக்கத்தில் ஓடைக்கரையோடு கிடக்கும் ஒரு பூங்காவில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு சனி, ஞாயிறு இதற்கென்று திருவிழா நடக்கும். பெரிய கம்பனிகளின் பதாகை எதையும் அங்கே காணமுடியாது. கதிரைகளை ஒரு தேவாலயம் இரவல் தரும். ஓய்வுபெற்ற தச்சர்கள் நாலு பேர் மேடைப் பலகைகளைத் தங்கள் கராஜில் வைத்திருந்து கொண்டுவந்து பூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு அம்மா கையுறை போட்டுக்கொண்டு புல்வெளி முழுவதும் நடந்து நாய்கள் விட்டுச் சென்றதைப் பொறுக்குவார். இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒரு வருடம் செய்தார், அதோடு அது அவருடையதாகிவிட்டது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை நீண்டதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் சில வருடம் நிருபராக இருந்தேன். "எங்கை நிண்டு பாத்தனி எண்டதை முதல் சொல்லு, மிச்சம் தானா வரும்" என்பது எங்கள் செய்தி ஆசிரியரின் விதி. பிறகு கனடா வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் ஐந்து பேரோடு இருந்து, கிடைத்த வேலையாக ஒலிபெருக்கிகளை வான் வண்டியில் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். வயர் சுருட்டப் பழக ஒரு மாரிகாலம் போனது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கலவைப் பலகையில் கை வைக்க விட்டது அதற்கும் பிறகு.

என்னுடைய மேலாளர் டொரீன். நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த, கட்டையான, உரத்துப் பேசத் தெரியாத மனுசி. அவரும் இந்தக் கதையில் வரும் மற்ற வெள்ளைக்காரர்களும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மண்டபத்துக்குப் போனால் டொரீன் முதலில் பெட்டியைத் திறக்கமாட்டார். இருப்பதிலேயே மோசமான கதிரையைத் தேடுவார். தூணுக்குப் பின்னால், குசினிக் கதவுக்குப் பக்கத்தில், அல்லது கழிப்பறைக்குப் போகும் வழியில் அது இருக்கும். அதில் போய் உட்கார்ந்து, மேடையில் நின்று ஏதாவது பேசும்படி என்னிடம் சொல்லுவார், மைக் இல்லாமல். நான் அன்றைய காலநிலையைச் சொல்லுவேன். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு எழுந்து வந்து, "இப்ப உன்ரை பெட்டியைத் திற" என்பார். அந்தக் கதிரையில் இருக்கப்போகும் மனிதருக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மற்றவர்களுக்கு எப்படியும் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. கண்டிக்க வேண்டியிருந்தால் கேள்வி கேட்பார். எங்கள் ஆட்களின் கலியாணமொன்றில் நாதஸ்வரத்துக்கு நான் ஒலியைக் கூட்டிவைத்திருந்தபோது காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு வந்து, "நேதன், மாப்பிள்ளை இன்னும் ரொறன்ரோவுக்கு வந்து சேரேல்லையோ?" என்று கேட்டார். என்னுடைய பெயர் நாதன்.

திருவிழாவுக்கு டொரீன் என்னை முதன்முதல் கூட்டிப்போன அன்று, ஐந்து கலைஞர்கள் என்று சொன்னார்கள், நான் ஐந்து மைக்கை நட்டேன். டொரீன் வந்து பார்த்தார்.

"என்ன, மந்திரி பேட்டி குடுக்க வாறாரோ?"

நாலு மைக்கைக் கழற்றினார். நடுவில் ஒன்று மட்டும் நின்றது. "இனிப் பார்" என்றார்.

ஐந்து பேரும் அந்த ஒரு மைக்கைச் சுற்றி, தோள்கள் முட்டும்படி நின்றார்கள். பாடுபவர் ஒரு அடி முன்னே வந்தார். வயலின்காரிக்கு முறை வந்ததும் பாடுபவர் விலகினார், அவர் விலகிய இடத்தில் வில் நுழைந்தது. பான்ஜோ சத்தமான கருவி, ஆகவே அதை வாசித்தவர் தானாகவே பின்னால் நின்றார். ஒருவருடைய கருவிகூட மற்றவருடையதில் முட்டவில்லை. கூட்டிக் குறைக்கும் என்னுடைய வேலையை அவர்கள் தங்கள் நடையால் செய்தார்கள். அன்று முழுவதும் நான் பலகையைத் தொட்டது சில தடவைகள்தான். சம்பளத்துக்கு நின்று பாட்டுக் கேட்ட முதல் நாள் அது.

இனி, திருவிழா நின்றுபோகவிருந்த கோடையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பூங்காவை ஒட்டி ஒரு உயர்ந்த அடுக்குமாடி நிற்கிறது. அங்கிருக்கும் யாரோ இரண்டு கோடையாகச் சத்தம் என்று முறைப்பாடு செய்திருந்தார்கள். இன்னொரு முறைப்பாடு பதிவானால் அடுத்த வருடம் பூங்கா கிடையாது என்று நகரசபையிலிருந்து டொரீனுக்குச் சொன்னார்கள். வேறு பூங்கா தேடிப் பார்த்தோம், எங்களைச் சேர்க்கக்கூடியதாக எதுவும் இல்லை. அந்த நகரசபை அலுவலர் நியாயமான மனிதர். "விதி அப்பிடி, நான் என்ன செய்ய?" என்று அவர் வருத்தப்பட்டதை டொரீன் நம்பினார்.

அந்தக் கோடைக்கு நாங்கள் எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தோம். மேடையை ஓடைப்பக்கப் பள்ளத்துக்குள் இறக்கினோம். பாரமான பலகைகளைப் பள்ளத்தில் இறக்கும்போது தச்சர்களில் ஒருவர் தன்னுடைய முழங்காலைப் பற்றிச் சொன்ன சொற்களை இங்கே எழுதமுடியாது. உயரத்தில் தொங்கும் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சின்னப் பெட்டிகளைக் கதிரைகளுக்கு நடுவே, நிலத்தோடு நிலமாக, அடுக்குமாடிக்கு முதுகு காட்டி வைத்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னை மைக்கில் பேசவிட்டு, டொரீன் அடுக்குமாடி வாசல்வரை நடந்துபோய், கண்ணை மூடி நின்று கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நகரசபைக்காரர் அழைத்தார். "திரும்பவும் போன் வந்திருக்கு. இன்னும் பதியேல்லை. நேரிலை வந்து கேக்கச் சொல்லி வீட்டு நம்பரும் தந்திருக்கிறா. பின்னேரத்துக்கு முதல் ஏதும் செய்யுங்கோ."

டொரீனும் நானும் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். கதவு சங்கிலியோடு திறந்தது. இடுக்கில் நித்திரைக் கண்ணோடு ஒரு பெண்ணின் முகம். அவருக்குப் பின்னால், சுவரில் சின்னச் சிவப்பு விளக்கோடு திரு இருதயப் படம். அவர் டொரீனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"உதுக்குள்ளை நீங்களும் நிக்கிறியளோ, அண்ணை?"

பத்திரிகையில் இருந்த காலத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேள்வி கேட்டதில்லை. ஓம் என்றேன். சங்கிலியைக் கழற்றினார். மன்னார்ப் பக்கம், பெயர் ஜெசிந்தா, முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

"இரா முழுக்க ஆக்களைத் தூக்கி, திருப்பி, கழுவிப்போட்டு வாறன். காலமை வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் படுத்தா, டங்கு டங்கு எண்டு மண்டைக்குள்ளை ஆணி அடிக்கிறாங்கள். ரெண்டு நாள் நித்திரை இல்லாமல் போய் ஒரு கிழவனைக் கைதவற விட்டால் ஆர் பொறுப்பு?"

"மேடையைத் தூரத் தள்ளிட்டம், தங்கச்சி. பெட்டியெல்லாம் மற்றப் பக்கம் திருப்பி…"

"எனக்கு மேடையும் தெரியாது, பெட்டியும் தெரியாது. உள்ளுக்கு வந்து கேளுங்கோ."

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனோம். படுக்கையறை யன்னல் திறந்திருந்தது. அந்த வெக்கையில் மூடிவைத்தால் அவிந்து போவார்கள். டொரீன் வழக்கம்போல மோசமான கதிரையைத் தேடினார், அங்கே கதிரை இருக்கவில்லை. அனுமதி கேட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, தலையணை உயரத்துக்குக் காதைக் கொண்டுபோய் வைத்தார். ஜெசிந்தா என்னைப் பார்த்து, "மனுசிக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

மேடையிலிருந்து ஒரு துளிகூட வரவில்லை. வந்தது பான்ஜோ. பக்கத்து அறையில் வாசிப்பதுபோலத் தெளிவாக வந்தது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். நேர் கீழே, பார்க்கிங் லொட்டில், வோல்டர்.

வோல்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் திருவிழாவுக்கு வருபவர்களில் பாதிப்பேர் மேடையைப் பார்க்க வருவதில்லை. காரை நிறுத்தி, ட்ரங்கைத் திறந்து, கருவியை எடுத்து, அந்த இடத்திலேயே வட்டமாக நின்று நாள் முழுவதும் வாசிப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் நுழையலாம், பாட்டுத் தெரிந்தால் போதும். மழையில் மேடை மூழ்கிய வருடமும், கலைஞர்கள் வராமல்போன வருடமும் திருவிழா நடந்ததென்றால் அது அந்த வட்டத்தால் நடந்தது. வட்டத்தின் நடுவில் நிற்பவர் வோல்டர், பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் முந்தி வந்து அடுக்குமாடியின் செங்கல் சுவருக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்துவிடுவார். "உந்தச் சுவர் நேர்மையானது. குடுத்த பாட்டை அப்பிடியே திருப்பித் தரும்" என்பார். திருப்பித் தந்ததில் ஒரு பங்கு மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறது.

இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மின்சாரம் போகாத எதுவும் சத்தமில்லை என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. சத்தம் என்றால் பெட்டி, பெட்டி என்றால் டொரீனும் நானும். மரமும் நரம்பும் குருவி கத்துவதுபோல இயற்கை. இரண்டு கோடையாக எங்கள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்தோமே தவிர, அந்த வட்டத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டொரீன் நிலத்திலிருந்து எழும்பினார். "இதைக் குறைக்க என்னட்டைப் பொத்தான் இல்லை" என்றார்.

கீழே போனோம். வட்டத்தில் ஒரு பதினைந்து பேர் நின்றார்கள். பாட்டு முடியும்வரை டொரீன் காத்திருந்தார். பாட்டுக்கு நடுவில் பேசுவது அவருக்குத் தெரியாத காரியம்.

"வோல்டர், உன்ரை பான்ஜோ மேலை ஒராளை எழுப்புது."

"எழுப்பத்தானே பான்ஜோ இருக்கு" என்றார் வோல்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

மண்டலின்காரர் ஒருவர், "நாங்கள் இஞ்சை எத்தினை வருசமா நிக்கிறம்" என்றார். இந்த இடத்தை விட்டால் வட்டம் உடைந்துவிடும், புல்வெளிக்குப் போனால் ஆட்கள் சிதறிவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அது வெறும் பயமல்ல. இப்படி ஒரு வட்டத்தை இடம் மாற்றி இழந்த திருவிழாவொன்றை டொரீனுக்குத் தெரியும். ஆனால் இவர்கள் நகராவிட்டால் பூங்காவே இல்லை. டொரீன் என்னைப் பார்த்தார்.

நான் மேலே கண்டதைச் சொன்னேன். அனுமதியைப் பற்றியோ நகரசபையைப் பற்றியோ தொடங்கவில்லை. ஒரு கட்டில், திறந்த யன்னல், இரவு முழுக்க முதியவர்களைத் தூக்கிய ஒரு பெண், தலையணையில் கேட்கும் பான்ஜோ. எங்கே நின்று கேட்டேன் என்பதை முதலில் சொன்னேன்.

"நைட் ஷிஃப்டோ?" என்றார் வோல்டர்.

"ஓம்."

அவர் பான்ஜோவின் நரம்புகள்மேல் உள்ளங்கையை வைத்து அமத்தினார். "கராஜிலை என்ரை பாதிச் சீவியம் நைட் ஷிஃப்ட். பகலிலை நான் படுத்தா என்ரை மனுசி போனைத் தலையணைக்குள்ளை சுத்தி வைப்பா. புல்லு வெட்டின பக்கத்து வீட்டுக்காரனோடை ரெண்டு வருசம் நான் கதைக்கேல்லை." சுவரை அண்ணாந்து பார்த்தார். "இப்ப நான்தான் அந்தப் புல்லு வெட்டினவன்."

"அப்ப என்ன செய்யிறது?" என்றார் மண்டலின்காரர்.

"கருவிப் பெட்டியை எடு."

"எங்கை போக?"

"முதல் எடு. அவ எத்தினை மணிக்கு எழும்புவா, நேதன்?"

நான் திரும்பவும் மூன்று மாடி ஏறினேன். ஜெசிந்தா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கவேண்டும், தட்டியவுடன் திறந்தார்.

"மூண்டு மணிபோல எழும்புவன். எழும்பினா யன்னல் திரையை விலத்தி விடுவன். அதுக்குப் பிறகு உங்கட ஆக்கள் என்ன கூத்தெண்டாலும் ஆடட்டும், அண்ணை."

வோல்டர் தன் ஆட்களை ஓடைக்கரை மரங்களுக்குக் கீழே கூட்டிப்போனார். அங்கே அவர்களுக்குச் சுவர் இல்லை, பாட்டு காற்றோடு போயிற்று, ஆளாளுக்கு முறைப்பட்டார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்குக் கிட்ட நான் பார்க்கிங் லொட்டில் போய் நின்று மேலே பார்த்தேன். திரை விலகியது. மரங்களின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினேன். பேஸை முதுகில் சுமந்தபடி புல்வெளியைக் கடந்து அவர்கள் வந்த காட்சி, வேலை முடிந்து வீடு திரும்பும் ஆட்களைப்போல இருந்தது. அன்று பின்னேரம் ஜெசிந்தாவே நகரசபைக்கு அழைத்து, தேவையில்லை, பேசித் தீர்த்துவிட்டோம் என்று சொன்னார்.

அதன்பிறகு பூங்காவுக்கு ஆபத்து வரவில்லை. திரையைப் பார்த்துக் கை உயர்த்துவது என்னுடைய வேலையாகிவிட்டது. நிறுவனத்தில் அதற்குப் பதவிப் பெயர் எதுவும் இல்லை. ஒரு வருடம் ஜெசிந்தா ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ் கொண்டுவந்து வோல்டரிடம் கொடுத்தார். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொன்று எடுத்தார். புதிதாக வரும் பான்ஜோக்காரர் யாராவது காலையில் சுவரடிக்குப் போனால், அங்கே நிற்பவர்கள் "ஜசின்டா நித்திரை" என்பார்கள். ஜசின்டா யார் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. தெரியாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். கஜன், நான் சொன்ன சனம் இதுதான். தாங்கள் காணாத ஒருவருடைய நித்திரையைக் கெடுக்காமல் நடக்கத் தெரிந்த ஆட்கள். கலைஞர்களுக்கு மேடையில் நன்றி சொல்வார்கள், அது முறை. நான் இவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கையுறை அம்மாவுக்கும், முழங்கால் தச்சருக்கும், மூன்றாம் மாடியிலிருந்து எங்களோடு ஒத்துப்போன ஜெசிந்தாவுக்கும் சேர்த்து.

போன கோடையில், ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாகப் போனேன். டொரீன் இப்போது வேலை செய்வதில்லை, மோசமான கதிரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார். சனிக்கிழமை மூன்று மணியாயிற்று. நான் லொட்டில் நின்று மேலே பார்த்தேன். திரை மூடியிருந்தது. மணியைப் பார்த்து வட்டம் தானாக வந்து சுவரடியில் நின்றது, யாரும் நரம்பைத் தொடவில்லை. நேரம் போனது. முப்பது பேருக்குக் கிட்ட, கையில் கருவியோடு, கார்களுக்கு நடுவே பேசாமல் நின்றார்கள்.

"நேற்று அவவுக்குப் பாரமான இரவாய் இருந்திருக்கும்" என்று வோல்டர் மெல்லச் சொன்னார். "படுக்கட்டும்."

யாரோ தும்மினார், எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது தெருவில் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து வேலைச் சட்டையோடு, தோளில் பையோடு ஜெசிந்தா இறங்கி வந்தார்.

"என்ன அண்ணை, செத்த வீடு மாதிரி எல்லாரும் நிக்கிறியள்?"

"நீங்கள் நித்திரை எண்டு நிக்கிறம்."

"நான் இப்பதான் வேலையால வாறன். ஒருத்தி வரேல்லை எண்டு அவவின்ரை ஷிஃப்டையும் சேத்துச் செய்யச் சொல்லிட்டாங்கள்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். காலி அறைக்காகத்தான் இவ்வளவு நேரமும் மூச்சை அடக்கி நின்றோம் என்பது விளங்க ஒரு கணம் எடுத்தது, பிறகு சிரிப்பு லொட்டைச் சுற்றி ஓடியது. வோல்டர் மட்டும் சிரிக்கவில்லை. இனித்தான் ஜெசிந்தா படுக்கப் போகிறார் என்பதை அவர் கணக்குப் பார்த்துவிட்டார். குனிந்து பான்ஜோவைப் பெட்டிக்குள் வைத்தார். மற்றவர்களும் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள்.

"என்னத்துக்கு உள்ளை வைக்கிறார்?" என்றார் ஜெசிந்தா. "வாசிக்கச் சொல்லுங்கோ. மேலை போனா அப்பிடியே விழுந்து படுத்திடுவன். இஞ்சை இருந்து சாப்பிட்டுட்டுப் போறன்."

வோல்டர் தன்னுடைய மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து வட்டத்துக்குள் விரித்தார். ஜெசிந்தா அதில் இருந்து, பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். புட்டும் மீன்கறியும். வோல்டர் நரம்பை முறுக்கிச் சுதி பார்த்து, வேகமான பாட்டொன்றைத் தொடங்கினார். செங்கல் சுவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு ஒன்று, அதன்பிறகு இன்னொன்று. ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் சாப்பிட்டார்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்தச் சுற்றோடு பாட்டு முடிகிறது என்பதை வட்டத்துக்குச் சொல்ல, நடத்துபவர் வாசித்தபடியே ஒரு காலைத் தூக்குவார். நாலாவது பாட்டு நடுவில் இருந்தது, வயலின்காரியின் முறை இன்னும் வரவில்லை. ஜெசிந்தா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அமத்தி மூடினார். வோல்டர் காலைத் தூக்கினார்.